பெயர் கூப்பிடும் வாக்கெடுப்பு

மூன்று நிமிஷமாக இருந்த பேச்சு நேரம் காலையில் இரண்டாகி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பேசக் கிடைக்காத அந்தப் பேச்சு நாலாக மடித்த ஒரு தாளாக நளாயினியின் மடியில் கிடந்தது. ஜேர்மனியில் ஒரு மாநிலப் பாராளுமன்றத்தின் மூன்றாவது வரிசை. ஒன்பது வருஷமாக அவள் இருக்கிற அதே கதிரை. முழங்கையை வைத்தால் சட்டையில் ஒட்டிப் பிடிக்கிற அதே மேசைப் பூச்சு. மேடையில் தோபியாஸ் கிரென்ஸ்லெ பேசிக்கொண்டிருந்தான். அவளுடைய கட்சியின் கல்விப் பேச்சாளன் அவன். முப்பத்துநாலு வயது, சட்டம் படித்தவன், தான் படித்து வெளியே வந்த நாளுக்குப் பிறகு ஒரு வகுப்பறைக்குள் கால் வைத்திராதவன். எதிர்காலத்துக்கு ஏற்ற மறுசீரமைப்பு என்றான். பள்ளி வளாகங்களின் ஒருங்கிணைப்பு என்றான். தரமான கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்றான். கூரை என்ற சொல் வந்ததும் அவள் நிமிர்ந்தாள். பேசட்டும். அவனுக்கு ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்தில் அவள் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று விளங்கப்படுத்தி, இரண்டு பேரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, ஒருத்தனை யன்னலைச் சாத்தச் சொல்லியும் இருப்பாள். "நளா, நேரம் காணாது. உன்னுடையதை எழுத்தில் பதிவேட்டில் சேர்த்துவிடலாம், சரிதானே?" கட்சிக் குழுத் தலைவி மார்லீஸ் வெண்டலின் அதைச் சொன்னது சாப்பாட்டு மண்டபத்து வாசலில், கையில் சூப்புக் கோப்பையோடு, நடந்துகொண்டே. சரிதானே என்று கேட்டாளே தவிர பதிலுக்கு நிற்கவில்லை. எழுத்தில் சேர்த்ததை யார் வாசிப்பார்கள்? அச்சடிக்கிறவன்கூட வாசிக்க மாட்டான். சரி, என்றாள் நளாயினி. அந்தச் 'சரி'தான் இப்போது தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நிற்கிறது. பேச விடவில்லை என்பதைக்கூடப் பொறுக்கலாம். எவ்வளவு கெதியாக இவள் சரி என்றாள்! சூப் ஆறிவிடும் என்று பயந்தவள்போல.

இன்றைய சட்டம் நிறைவேறினால் மாநிலத்தில் பதினாலு சின்னப் பள்ளிக்கூடங்கள் மூடப்படும். பட்டியலில் ஒன்பதாவது எர்லன்ஸ்டைன். மலையடிவாரத்தில் ஆறாயிரம் பேர் இருக்கிற ஊர்; அங்கேதான் பத்தொன்பது வருஷம் அவள் கணக்கும் பௌதிகமும் படிப்பித்தாள். அந்த ஊர்ச் சனம்தான் அவளை முதலில் நகரசபைக்கும் பிறகு இங்கேயும் அனுப்பியது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டிருந்தது. ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். எழும்பி நின்று ஆம் அல்லது இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு கையைத் தூக்கி ஒளிய ஏலாது. எண்பத்தேழு உறுப்பினர்கள். ஆளும் பக்கம் நாற்பத்துநாலு, எதிர்ப்பக்கம் நாற்பத்துமூன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. இந்தப் பக்கத்தில் ஒருத்தி மாறினால் போதும், சட்டம் விழுந்துவிடும். அந்த ஒருத்தி மூன்றாவது வரிசையில் தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருக்கிறாள். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தாள். பார்வையாளர் மாடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முதல் வரிசையில் கெர்டா இருந்தாள். இரசாயனம் படிப்பிக்கிற கெர்டா. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறையில் ஐந்து வருஷம் ஒருத்தியை ஒருத்தி 'நீங்கள்' போட்டுப் பேசினார்கள். ஆறாவது வருஷம் ஒரு பள்ளிச் சுற்றுலாவில், பஸ் பழுதாகி மழைக்குள் நின்றபோது, "இனி நீ என்று சொல்லிக்கொள்வோமா?" என்று கெர்டா கையை நீட்டினாள். ஐந்து வருஷத்து நீங்களுக்குப் பிறகு வந்த அந்த 'நீ'க்கு ஒரு கனம் இருந்தது. கட்சியில் சேர்ந்த முதல் நாளே எல்லாரும் எல்லாருக்கும் நீ. தன் தாயின் வயதுக்காரியை நீ என்று சொல்ல நளாயினிக்கு நாக்கு வளையவே ஒரு வருஷம் பிடித்தது. மார்லீஸின் 'நீ' வெறும் காற்று. அது பிடிக்கவும் செய்யாது, விடவும் செய்யாது. கெர்டா கை காட்டவில்லை. பார்த்தபடி இருந்தாள். சோதனை மண்டபத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி.

கூரையால்தான் எல்லாம் தொடங்கியது. பௌதிக அறையின் கூரை ஒழுகும். மழை நாளில் நாலு வாளி வைத்து, வாளிகளுக்கு நடுவில் மின்சாரத்தைப் பற்றிப் படிப்பிப்பாள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் பிள்ளைகள் வாளியைக் காட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலே ஒரு பெட்டை, கடைசி வாங்கில், கண்ணாடி போட்ட ஒருத்தி, வாளிக்குள் துளி விழுகிற இடைவெளியைக் கொப்பியில் குறித்து வரைபடம் கீறிக்கொண்டு வந்து காட்டினாள்: "மழை விட்டு எவ்வளவு நேரத்துக்குக் கூரை நினைவு வைத்திருக்கிறது என்று பார்த்தேன்." என்ன கெட்டிக்காரி. அவளுடைய பெயர் என்ன? நளாயினிக்கு வரவில்லை. முகம் வருகிறது, கண்ணாடியின் ஒரு பக்கக் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்கூட வருகிறது, பெயர் வரவில்லை. கூரைக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். பதினொன்றுக்கும் பதில் வந்தது. ஜேர்மனியில் பதில் வராமல் விடாது. பதிலில்தான் ஒன்றும் இருக்காது. கடைசியில் நகரபிதா அலுத்துப்போய், "அம்மணி, இப்படிக் கடிதம் எழுதுகிற நேரத்துக்கு நீங்களே நகரசபைக்கு வந்துவிடலாம்" என்றார். பகிடிக்குச் சொன்னார். இவள் போய்விட்டாள். ஆறு வருஷம். ஆறு வருஷம் சபையில் இருந்து, குழுவில் இருந்து, ஓயாமல் கேட்டு, கடைசியில் கூரை வந்தது. சாம்பல் நிற ஓடு, உள்ளே தடித்த காப்பு, அடுத்த நூறு வருஷத்துக்கு ஒழுகாது. அவள் வாழ்க்கையில் அரசியலால் ஆன ஒரே காரியம் அதுதான் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். போன மாதம் பள்ளிக்கூடங்களைப் பற்றிய நிபுணர் குழு அறிக்கை வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் எர்லன்ஸ்டைன். 'கூரை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டிருப்பதால் கட்டடம் மாற்றுப் பயன்பாட்டுக்கு மிகவும் உகந்தது.' அந்த வரியை அவள் மூன்று தரம் வாசித்தாள். குசினி மேசையில் இருந்து சத்தமாகவும் ஒருதரம் வாசித்தாள். ஒழுகிக்கொண்டே இருந்திருந்தால் பக்கத்துக் கிராமத்துப் பழைய கட்டடத்தைப் போல 'மூடினாலும் பயனில்லை' என்று விட்டிருப்பார்களாம். ஒழுகாமல் செய்தது யார்?

கிரென்ஸ்லெ இறங்கிவிட்டான். கை தட்டினார்கள். அவளுடைய கையும் தட்டியது, அது பழக்கம். தன் கையைத் தானே பார்த்து அதை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். எதிர்க்கட்சியிலிருந்து ஒரு மருத்துவர் ஏறினார். கிராமத்துப் பிள்ளைகள், கிராமத்து வாழ்வு என்று தொடங்கினார். அவருக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெரியாது, ஆனால் எதிர்க்கிறார், அதனால் அவர் நல்லவரா? அவர்தான் அவளுடைய கன்னிப் பேச்சு முடிந்த அன்று நடைபாதையில் ஓடி வந்து கையைப் பிடித்து, "மிகவும் அழகாக டொச் பேசுகிறீர்கள்" என்றவர். அந்த மனுசனுடைய நாட்டுப் பிள்ளைகளின் கொப்பியில் ஜேர்மன் மொழி எழுத்துப் பிழை திருத்தியவள் இவள். கணக்கு ரீச்சர் என்றாலும் விட மாட்டாள், 'விடை' என்பதைப் பிழையாக எழுதினால் விடையே பிழை என்று சிவப்பால் போடுவாள். நன்றி என்றாள். வேறென்ன சொல்வது? பதினேழு வயதில் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து, அகதி முகாமில் ஏழு பேர் அறையில் கட்டிலுக்கு மேலே காய்கிற துணிகளுக்குக் கீழே இருந்து டொச் இலக்கணத்தைப் பாடமாக்கியவள். ஆண்பால், பெண்பால், அதுவும் இல்லாத ஒரு பால். மேசை ஆணாம், கதவு பெண்ணாம், பெட்டை மட்டும் இரண்டும் இல்லையாம். அது விளங்காமல் அழுதிருக்கிறாள். கணக்குத்தான் அழ விடாதது. எந்த நாட்டிலும் ஏழெட்டு ஐம்பத்தாறு. அதைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் போனாள், ஆசிரியை ஆனாள். பிறகு இங்கே வந்தாள். கல்விக் குழுவில் போடுங்கள் என்று கேட்டாள். "உனக்கு ஒருங்கிணைவுதான் பொருத்தம், வெளிநாட்டவர் விவகாரம், உன்னைப் போல அதை யார் பேச முடியும்?" என்றார்கள். பத்தொன்பது வருஷம் படிப்பித்தவளுக்கு வெளிநாட்டவர் விவகாரம். ஒரு நாளும் படிப்பிக்காதவனுக்குக் கல்வி. தேர்தல் சுவரொட்டியில் அவளுடைய முகத்தைப் போட்டார்கள். முகம். ஒன்பது வருஷமாக முகம்தான் கூட்டங்களுக்குப் போய் வருகிறது. உள்ளே இருக்கிற கணக்கு ரீச்சர் வாசலில் செருப்போடு நிற்கிறாள்.

சட்டைப் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அவளுடைய கணவர் பரராசசிங்கம். வேலைத்தலத்து இடைவேளையில் எழுதியிருப்பார். இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷமாக, இடைவேளை மூன்று மணிக்கு, ஒரு நிமிஷம் முந்தாது, பிந்தாது. 'என்ன நடக்குது?' என்று இரண்டு சொல். காலையில் அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டது இதைவிட நீளம். "நீர் என்ன சொல்லப் போறீர்?" "தெரியேல்லையப்பா." "தெரியாமல் என்ன? ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை." "அவ்வளவு லேசில்லை. இண்டைக்கு இல்லையெண்டு சொன்னால் அடுத்த தேர்தலிலை பட்டியலிலை எனக்கு இடமே கிடையாது. ஒன்பது வருசமும் தண்ணியிலை எழுதின மாதிரி." அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "சரி. பட்டியலிலை இல்லாட்டி வீட்டிலை இரும். பள்ளிக்கூடம் இல்லாட்டி அந்தப் பிள்ளையள் எங்கை இருக்குங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டினார். பிறகு கதவடியில் நின்று, "நான் சொல்லுறதுக்காகச் செய்யாதையும். பிறகு என்னைத்தான் குறை சொல்லுவீர்" என்றார். அதுவும் உண்மை. சொல்லுவாள். அவர் சொன்னது சரியாக இருந்தாலும் சொல்லுவாள். அவருக்கு என்ன, இரும்பு. அளவெடுத்தால் பொருந்தும் அல்லது பொருந்தாது. இங்கே எல்லாம் அரைவாசி பொருந்துகிறது. பதில் எழுதப் போனாள், 'பேச விடேல்லை' என்று எழுதினாள், அழித்தாள், 'பிறகு சொல்லுறன்' என்று அனுப்பினாள்.

ஏனென்றால் அவருக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. நேற்றுப் பின்னேரம் மார்லீஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தாள். கதவைச் சாத்தினாள்; பெரிய யன்னல், ஆற்றுப் பாலம் தெரியும்; பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள். "நளா, எனக்குத் தெரியும் இது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று. உன் ஊர், உன் பள்ளிக்கூடம். ஆனால் ஒரே ஒரு தலையில் நிற்கிறோம்." "தெரியும்." "அடுத்த முறை கல்விக் குழுவுக்குத் தலைமை வேண்டும். வகுப்பறையைத் தெரிந்த ஒருத்தி. நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்." நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள், தருகிறேன் என்று சொல்லவில்லை. நளாயினி ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள்? பசிக்கவில்லை. ஒன்பது வருஷமாக வாசலில் நின்றவளை ஒருத்தி உள்ளே வா என்கிறாள். கல்விக் குழு. பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், மாநிலம் முழுவதற்கும். ஒரு எர்லன்ஸ்டைனை விட்டால் ஐந்நூறு எர்லன்ஸ்டைன். கணக்குப்படி பார்த்தால் அதுதான் சரி, ஐந்நூறு ஒன்றைவிடப் பெரிது. இரவு முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டாள். போட்ட ஒவ்வொரு தரமும் விடை சரியாகத்தான் வந்தது. வந்த ஒவ்வொரு தரமும் கரும்பலகையில் சரியான விடையைப் பார்த்து எழுதிய பிள்ளையைப் போல நெஞ்சு குறுகுறுத்தது. ஒன்றைக் காப்பாற்றத் தெரியாதவளிடம் ஐந்நூறை யார் கொடுப்பது? இல்லை, அது வெறும் பேச்சு. அழகான பேச்சு. ஐந்நூறு ஐந்நூறுதான். ஆனால் பிஸ்கட்டை ஏன் எடுத்தாள்?

"வாக்கெடுப்புக்குப் போகிறோம்," என்றார் சபாநாயகர். மணி அடித்தது. கோப்பிக் கடையிலும் நடைபாதையிலும் நின்றவர்கள் ஓடி வந்து இருந்தார்கள். சபாநாயகரின் பக்கத்தில் இருந்த செயலாளர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார், எழுத்து வரிசைப்படி, ஒரே தாளத்தில். ஆப்ளர், ஆம். ஆர்னோல்ட், இல்லை. இது அவளுடைய வேலை அல்லவா? பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு காலையிலும் இப்படித்தான் பெயர் வாசித்தாள். ஒரு பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. வயிற்று வலிக்காரனும் வீட்டில் சண்டை நடந்தவளும் அந்த ஒரு வினாடிப் பார்வையில் பிடிபடுவார்கள். இந்த மனுசன் நிமிரவே இல்லை. பெக், ஆம். ப்ராண்ட், இல்லை. டீட்ஸ், ஆம். எல்லாம் எதிர்பார்த்தபடி, ஒரு பக்கம் ஆம், ஒரு பக்கம் இல்லை, நெசவுத் தறி மாதிரி. எழும்பி ஒன்றும் சொல்லாவிட்டால் அதை என்னவென்று எழுதுவார்கள்? மௌனம் என்று ஒரு நிரல் இல்லை. 'நடுநிலை' என்று சொல்லலாம். அதுவும் ஒரு வழி. கூட்டிப் பார்த்தாள்: அவள் நடுநிலை என்றால் நாற்பத்துமூன்றுக்கு நாற்பத்துமூன்று, சமன், சமன் என்றாலும் சட்டம் விழும். அப்படியானால் இல்லை என்று சொல்லாமலே விழுத்தலாம். விழுத்திவிட்டு, நான் இல்லை என்று சொல்லவில்லையே என்று மார்லீஸிடம் சொல்லலாம். சீ. பிஸ்கட்டை எடுத்த அதே கை. கிரென்ஸ்லெ, ஆம், அவன் தன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னான். லாங், இல்லை. லோரன்ஸ், ஆம். லோரன்ஸ் என்றதும் ரோனியா என்று வந்தது. ரோனியா! கண்ணாடிக்காரி, வாளிக்காரி, ரோனியா லோரன்ஸ். ஒரு மணித்தியாலமாக வராத பெயர் இந்தக் கேடுகெட்ட பட்டியலுக்குள் இருந்து வந்து விழுந்தது. அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷம் ஒன்று வந்தது, இடம் பொருள் தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கதிரைக்காரர் திரும்பிப் பார்த்தார். நொயர், ஆம். ஓட், இல்லை. "பரராயசிங்காம்."

அவளுடைய குடும்பப் பெயரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பரராஜசிங்கம் என்று பதிந்தால் டொச்சில் 'ஜ' எழுத்து 'ய' ஆகிவிடும். ராசா ராயன் ஆகிவிடுவான். ஒன்பது வருஷத்தில் முதல் வருஷம் மட்டும் திருத்தினாள். எழும்பினாள். மடியில் இருந்த தாள் கீழே விழுந்தது; அதை எடுக்கக் குனியலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது, குனிந்தால் எழும்ப மாட்டாள் என்று இன்னொன்று. மேலே பார்க்கவில்லை. ஐந்நூறும் ஒன்றும் ஓடவில்லை. வாளிக்குள் துளி விழுகிற சத்தம்தான் கேட்டது, அந்த இடைவெளி, மழை விட்ட பிறகும். "நைன்," என்றாள். இல்லை. சொன்னது வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்டது. செயலாளர் முதல்தரமாக நிமிர்ந்து பார்த்தார். "இல்லை என்றா சொன்னீர்கள்?" "இல்லை என்றுதான் சொன்னேன்." எதிர்ப்பக்கத்தில் யாரோ மேசையில் தட்டினார்கள். அந்த மருத்துவர் எழும்பியே விட்டார். இருந்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்தினாள். முடிந்தது. ஒன்பது வருஷம் முடிந்தது, கல்விக் குழு முடிந்தது, பள்ளிக்கூடம் தப்பியது. இவ்வளவுதானா? ஒரு சொல். இதைச் சொல்லவா ஒன்பது வருஷம்? ராவ், ஆம். ரீகர், இல்லை. மேலே பார்த்தாள்; கெர்டா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பரராசசிங்கத்துக்கு என்ன எழுதுவது? 'வீட்டிலை இருக்கப் போறன்' என்று எழுதலாம். அவர் சிரிப்பார். ஷ்மிட், ஷ்டோல், தானர். காற்று லேசாக இருந்தது. திரும்பி முதல் வரிசையைப் பார்த்தாள், அங்கே என்ன பூகம்பம் என்று. மார்லீஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெப்பர்மின்ட் முட்டாசின் தாளை உரித்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் என்றதும் முட்டாசை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, ஆம், என்றாள். தன் அணியின் ஒரு தலை போன பிறகு ஒருத்தி இப்படி முட்டாசு உரிப்பாளா? கடைசிப் பெயர் எதிர்க்கட்சியின் ஸோபல். எழுபது வயது, அடுத்த தேர்தலில் நிற்காதவர், அநேகமாகத் தூங்குகிறவர். எழும்பினார். கீழே பார்த்தார். "ஆம்," என்றார். சபையில் ஒரு மூச்சு இழுபட்டது. ஆம் நாற்பத்துநாலு, இல்லை நாற்பத்துமூன்று. சட்டம் நிறைவேறியது, என்றார் சபாநாயகர், தண்ணீர் குடித்தார்.

மார்லீஸ் அவளிடம் தானாகவே வந்தாள். பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பிப் போன இடத்தில் இருந்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. "நீ என்னிடம் கேட்டிருக்கலாமே," என்றாள் மெதுவாக, "நானே உன்னை விட்டிருப்பேன்." "என்ன?" "போன கிழமையே உன்னை 'இல்லை'யில்தான் வைத்திருந்தோம். ஆம் என்றதற்கு ஸோபலின் தொகுதிக்கு நகரைச் சுற்றிப் போகிற சாலை கிடைக்கிறது. உனக்கு உன் ஊரில் நல்ல பெயர் கிடைக்கிறது. எர்லன்ஸ்டைனில் நமக்கு நல்ல பெயர் உள்ள ஒருத்தி வேண்டும்." நளாயினி அவளுடைய வாயையே பார்த்தாள், பெப்பர்மின்ட் வாசம் வந்தது. "அப்படியானால் நேற்று ஏன் கூப்பிட்டாய்?" "நீ ஆம் என்று சொல்லியிருந்தால் இன்னும் வசதி." "கல்விக் குழு?" மார்லீஸ் எழும்பிப் பாவாடையைத் தட்டினாள். "அதைப் பிறகு பேசுவோம். தோபியாஸும் கேட்கிறான்." தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நளாயினிக்குத் தோள் எரிந்தது. துணிந்து செய்ததென்று அவள் நினைத்ததை இவர்கள் ஒரு கிழமைக்கு முன்னாலேயே கூட்டி வைத்திருந்தார்கள். அவள் இல்லை என்றாலும் அவர்களுக்கு ஆதாயம், ஆம் என்றாலும் ஆதாயம். இரவு முழுக்கப் போட்ட கணக்கு, அந்த ஒற்றைச் சொல், அந்த லேசான காற்று, எல்லாம் இந்த முட்டாசுத் தாளுக்குள் முன்னமே சுற்றி வைத்திருந்தது. இனிக் கெர்டா கீழே வந்து கட்டிப் பிடிப்பாள், நீயாவது செய்தாயே என்பாள், அதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது? வீட்டுக்குப் போய்விடலாம். கோட்டு எங்கே? இல்லை. இல்லை, பொறு. ஒன்று இருந்தது. சபை விதிகளில் ஒன்று. புதிதாக வந்த வருஷம் ஆசிரியைப் புத்தியால் முழுவதையும் வாசித்தபோது கண்ணில் பட்டது. வாக்கெடுப்புக்குப் பிறகு எந்த உறுப்பினரும் தன் வாக்கை விளக்கிப் பேசலாம். அந்த நேரத்தைக் கட்சிக் குழு தருவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. யாரும் அதைப் பாவிப்பதில்லை. எல்லாருக்கும் கோப்பி குடிக்கப் போக வேண்டும்.

அவள் எழும்பி நேரே முன்னால் போனாள். சபாநாயகர் குனிந்து கேட்டார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார், செயலாளரைப் பார்த்தார், தலையாட்டினார். "உறுப்பினர் தன் வாக்கைப் பற்றி விளக்கம் சொல்ல விரும்புகிறார்," என்றார் ஒலிவாங்கியில், யாருக்கும் கேட்கவில்லை. சபை கலைந்துகொண்டிருந்தது; கதிரைகள் இழுபட்டன, கைப்பேசிகள் காதுக்குப் போயின, கதவடியில் நெரிசல். அவள் மேடையில் ஏறினாள். கையில் தாள் இல்லை. அது மூன்றாவது வரிசையில் தரையில் கிடந்தது. போய் எடுத்து வரலாமா? அது இந்தச் சட்டம் வேண்டாம் என்று கெஞ்சுகிற பேச்சு. இனி அதற்கு வேலையில்லை. முன்னால் முதுகுகள். எத்தனை முதுகு பார்த்திருப்பாள்! வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், மணி அடிக்க முன்னமே பையைத் தோளில் போடுகிற ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குத் தெரியாமலே அவளுடைய நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. உரத்துக் கத்தவில்லை. "இருங்கள்," என்றாள். "நான் இன்னும் முடிக்கவில்லை." கதவடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். கிரென்ஸ்லெ ஒரு கை கோட்டுக்குள்ளும் மறு கை வெளியேயுமாக நின்றான். பிறகு, ஏன் என்று தனக்கே தெரியாத முகத்தோடு, கிட்ட இருந்த யாருடையதோ கதிரையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருபது முப்பது பேர். அந்த மருத்துவர் இருந்தார். ஸோபல் வாக்குச் சொன்ன பிறகு கதிரையை விட்டு எழும்பவே இல்லை. மார்லீஸ் மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒருத்தரோடு ஒருத்தர் பேசுகிற சத்தம் நின்றது. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் வாய் திறந்ததும் வந்தது.

"திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு நான் எர்லன்ஸ்டைன் சந்தையடியில் பஸ் ஏறினேன்," என்றாள். "மாவட்டத் தலைநகரப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ். நீங்கள் இப்போது நிறைவேற்றிய சட்டப்படி எங்கள் பிள்ளைகள் எல்லாரும் போகப் போகிற பஸ். போக ஐம்பத்தைந்து நிமிஷம். பனிமூட்டம். எனக்குப் பக்கத்தில் மேல்கிராமத்திலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஐந்தாம் வகுப்பு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை நாங்கள் போன முறையே மூடி, பிள்ளைகளை இந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கு நானும் ஆம் என்றுதான் சொன்னேன். அந்தப் பிள்ளை ஐந்து மணிக்கு எழும்புகிறாளாம், பஸ் ஓட்டுகிறவர் சொன்னார். பை மடியில், தலை யன்னலில், நான் ஏறும்போதே நித்திரை. மலைப்பாதை, உங்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய தலை கண்ணாடியில் இடித்தது. நான் என் கையை நடுவில் வைத்தேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் என் கையில்தான் இடித்துக்கொண்டு வந்தாள். ஒருதரமும் எழும்பவில்லை."